'டு'வுக்கு முன்னும் பின்னும்

'தே கால்ட் ஆன் தி மினிஸ்டர்' என்று ஓர் ஆங்கில வாக்கியம் முடிந்தால், அவர்கள் அமைச்சரைப் போய்ப் பார்த்தார்கள் என்று பொருள். அதோடு 'டு காங்கிராஜுலேட் ஹிம்' என்று சேர்த்தால், வாழ்த்துச் சொல்லப் போய்ப் பார்த்தார்கள். 'டு ரிசைன்' என்று சேர்த்தால் சந்திப்பு என்ற பேச்சே இல்லை. பதவி விலகும்படி அமைச்சரை வலியுறுத்தினார்கள் என்று ஆகிவிடும். முதல் ஐந்து சொற்கள் மூன்று வாக்கியங்களிலும் ஒன்றுதான். கடைசியில் வந்த 'டு ரிசைன்' என்ற இரண்டு சொற்கள், முன்னால் போய்விட்ட வினையின் பொருளைத் திரும்பிப் பார்த்து மாற்றுகின்றன. செயலைச் செய்கிறவர் யார் என்பதும் சேர்ந்து மாறுகிறது. வாழ்த்துகிறவர்கள் அவர்கள், விலக வேண்டியவர் அமைச்சர்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதும், வயதுவந்தவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. இரண்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: 'கால் ஆன்' போல வினையும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப் முடிந்து, 'டு ரிசைன்' போல 'டு'வோடு வரும் வினைவடிவமான இன்ஃபினிட்டிவ் தொடங்கும் அந்தச் சிறிய இணைப்பு. பாடப்புத்தகங்கள் ஃபிரேசல் வெர்புகளை ஒரு பாடத்திலும் இன்ஃபினிட்டிவை வேறொரு பாடத்திலும் வைத்துவிடுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை. அங்கேதான் மாணவர்களும் தடுமாறுகிறார்கள், மொழிபெயர்ப்புகளும் சறுக்குகின்றன.

ஃபிரேசல் வெர்ப் கடினம் என்பது பழைய செய்தி. 1755ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்மொழிக்காரர்களுக்கு மிகப்பெரிய இடர் என்று எழுதினார். அவர் அடுக்கிய உதாரணங்களில் 'செட் அவுட்'டும் ஒன்று. அப்போது இந்த வகைக்குத் தனிப்பெயர் இல்லை. 1925இல் எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூல் ஒன்றில் 'ஃபிரேசல் வெர்ப்' என்று எழுதினார். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் அது என்றும் குறிப்பிட்டார். ஜான்சன் கவலைப்பட்டது சிறுசொல்லைப் பற்றி. எனக்கு அக்கறை அதற்கும் அடுத்த சொல்லில்.

முதல் சிக்கல் 'டு' என்பது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா என்பது. 'ஷி செட் அவுட் டு ரைட் எ நாவல்' (நாவல் எழுதப் புறப்பட்டாள்) என்பதில் 'டு' என்பது 'ரைட்' என்ற வினையைச் சேர்ந்தது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' (உங்களைச் சந்திக்க ஆவலோடு காத்திருக்கிறேன்) என்பதில் அது 'லுக் ஃபார்வர்ட்' என்பதன் கடைசி உறுப்பு, ஒரு பிரெபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை வாக்கியத்தோடு இணைக்கும் சொல். பிரெபொசிஷனுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும், வினை வருவதானால் 'இங்' சேர்த்துப் பெயராகித்தான் வர வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே எழுத்துகள், காதுக்கு ஒரே ஒலி. அதனால்தான் 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று அலுவலகக் கடிதங்கள் ஓயாமல் முடிகின்றன.

வரலாறு தெரிந்தால் இந்தக் குழப்பத்தின் மேல் கோபம் வராது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு 'டு'வும் ஒன்றாகவே இருந்தன. திசையைக் காட்டும் அந்தச் சொல்லுக்குப் பின்னால், வேற்றுமை உருபு ஏற்ற வினைப்பெயர் ஒன்று வரும்; அதன் ஈறு '-அன்னெ' என்றோ '-என்னெ' என்றோ இருக்கும். நம் 'செய்வதற்கு' என்பதைப் போன்ற அமைப்பு. நூற்றாண்டுகள் போகப் போக ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. 'டு' மட்டும் நின்று இன்ஃபினிட்டிவின் அடையாளமாகிவிட்டது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று இலக்கணக் குறியாகவும் மற்றொன்று பிரெபொசிஷனாகவும் பிரிந்து போயிருக்கின்றன.

பிரித்தறிய வகுப்பில் நான் சொல்லும் வழி, வினையை எடுத்துவிட்டு 'இட்' என்று போட்டுப் பார்ப்பது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. ஆகவே அடுத்து 'இங்'. 'ஹி காட் டவுன் டு இட்' (அதில் இறங்கினார்), 'ஷி ஓன்ட் அப் டு இட்' (அதை ஒப்புக்கொண்டாள்), 'வி நெவர் காட் ரவுண்ட் டு இட்' (அதைச் செய்ய எங்களுக்கு நேரமே வாய்க்கவில்லை) எல்லாம் நிற்கின்றன. 'ஷி செட் அவுட் டு இட்' விழுந்துவிடுகிறது. 'இட் டர்ன்ட் அவுட் டு இட்' என்று யாரும் வாயெடுக்கக்கூட மாட்டார்கள். இவற்றுக்குப் பின்னால் இன்ஃபினிட்டிவ்தான். கேள்வியாக மாற்றினாலும் இதே வேறுபாடு தெரியும். 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?' என்று 'டு'வோடு கேள்வி முடிந்துவிடும். 'வாட் டிட் ஷி செட் அவுட் டு டூ?' என்று கேட்கும்போது 'டூ' என்ற வினை கூடவே வந்தாக வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 'அக்ரீ' போன்ற தனிவினைகளிடம் இதைக் கொண்டுபோகக் கூடாது. 'ஐ அக்ரீட் டு இட்' சரி, 'ஐ அக்ரீட் டு கோ' என்பதும் சரி. ஃபிரேசல் வெர்புகளிடையே பெரும்பாலும் நம்பலாம்.

பெரும்பாலும் என்று நான் நிறுத்திக்கொள்வதற்கு 'வொர்க்' போன்ற சொற்கள் காரணம். 'லெட்ஸ் கெட் டவுன் டு வொர்க்' என்ற வாக்கியம் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. இதைக் கேட்ட மாணவர் 'டு'வுக்குப் பின்னால் வினை வருகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, 'கெட் டவுன் டு ஸ்டடி த ப்ராப்ளம்' என்று எழுதுகிறார். அங்கே 'வொர்க்' வினையே அல்ல, பெயர்ச்சொல். வேலையில் இறங்குவோம் என்கிறது வாக்கியம். வினையாக்க வேண்டுமானால் 'கெட் டவுன் டு வொர்க்கிங் ஆன் இட்' என்றாக வேண்டும். உருவம் மாறாமல் பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். நல்ல வாக்கியத்திலிருந்தே தவறான விதியைக் கற்றுக்கொள்ள அவை வழி செய்துவிடுகின்றன. இப்படி எழுதுகிறவர்களை நான் கவனக்குறைவானவர்கள் என்று நினைப்பதே இல்லை. கேட்டதைக் கூர்ந்து கேட்டவர்கள்தான் இங்கே விழுகிறார்கள்.

இன்னொரு இணை இதைவிட அழகானது. 'ஹி கேம் ரவுண்ட் டு சீ மீ' என்றால் என்னைப் பார்க்க வீட்டுப்பக்கம் வந்தார். 'ஹி கேம் ரவுண்ட் டு சீயிங் இட் மை வே' என்றால் என் கருத்துக்கு மெல்ல இணங்கி வந்தார். 'இங்' என்ற ஒரு சிறு ஒட்டு, கால்நடையாக வந்தவரை மனம் மாறி வந்தவராக்கிவிடுகிறது.

இனி நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடம். இன்ஃபினிட்டிவ் என்றால் நோக்கம் என்று நமக்குப் பள்ளியிலேயே பதிந்துவிட்டது. 'டு' என்றால் 'அதற்காக'. தவறில்லை, ஆனால் பாதி உண்மை.

'ஷி வோக் அப் டு ஃபைண்ட் த ஹவுஸ் எம்ப்டி.' இந்த வாக்கியத்தை 'வீடு காலியாக இருப்பதைக் காண்பதற்காக அவள் எழுந்தாள்' என்று தமிழாக்கினால் அபத்தம். தூங்குகிறவளுக்கு நோக்கம் எங்கிருந்து வரும்? அவள் கண்விழித்துப் பார்த்தால் வீடு காலியாகக் கிடந்தது. 'ஹி க்ரூ அப் டு பி எ ஜட்ஜ்' என்பதும் அப்படியே. நீதிபதியாவதற்காக வளரவில்லை; வளர்ந்து நீதிபதியானார். இங்கே இன்ஃபினிட்டிவ் விளைவைச் சொல்கிறது. சில வேளைகளில் விளைவுகூட இல்லை, அடுத்து நடந்ததை மட்டுமே சொல்கிறது. முன்னால் 'ஒன்லி' சேர்ந்தால் ஏமாற்றமும் கலந்துவிடும்: 'ஹி வென்ட் பேக் ஒன்லி டு ஃபைண்ட் த டோர் லாக்ட்.' திரும்பிப் போனார், போனால் கதவு பூட்டியிருந்தது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் இதே வேலைகளைத்தான் செய்கிறது. 'நெல் விளைய மழை பெய்தது' என்றால் விளைச்சல் காரியம். 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் மழை காரணம். 'ஞாயிறு பட வந்தான்' என்றால் சூரியன் மறைகிற நேரத்தில் வந்தான். சூரியனை மறைய வைப்பதற்காக வந்தான் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதை எண்ணிச் சொல்லும்போது, 'செய' என்பதையும் 'செயற்கு' என்பதையும் தனித்தனியாக வைக்கிறது. நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்ல ஒரு வடிவம், பலவற்றுக்கும் பொதுவாக ஒரு வடிவம். இவ்வளவு நுட்பமான பாகுபாட்டைச் சொந்தமாக வைத்திருக்கும் நாம், ஆங்கில 'டு'வைக் கண்டதும் 'அதற்காக' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நோக்கமா இல்லையா என்று பார்க்க 'டு' இருக்கும் இடத்தில் 'இன் ஆர்டர் டு' என்று வைத்துப் படித்தால் போதும். 'தே கால்ட் ஆன் தி மினிஸ்டர் இன் ஆர்டர் டு காங்கிராஜுலேட் ஹிம்' என்று சொல்லலாம். 'ஷி வோக் அப் இன் ஆர்டர் டு ஃபைண்ட்' என்று சொன்னால் கதையே வேறாகிவிடும்.

மொழிபெயர்ப்பில் இதற்கு ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. நோக்கமாக இருந்தால் ஆங்கில இன்ஃபினிட்டிவ் தமிழில் எச்சமாகவே வரும்: வாழ்த்தப் போனார்கள், பார்க்க வந்தார். விளைவாக இருந்தால் இரண்டு வினைகளும் இடம் மாறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் முற்றாக இருந்தது தமிழில் எச்சமாகும். இன்ஃபினிட்டிவாக இருந்தது முற்றாகி வாக்கியத்தை முடித்துவைக்கும். 'க்ரூ அப் டு பி' என்பது 'வளர்ந்து ஆனார்'. 'வோக் அப் டு ஃபைண்ட்' என்பது 'விழித்துப் பார்த்தாள்'. இந்த இடமாற்றத்தைக் கை பழகிவிட்டால், தமிழாக்கத்தில் மண்டிக் கிடக்கும் பாதி 'அதற்காக'க்கள் தாமே உதிர்ந்துவிடும்.

'டர்ன் அவுட்' என்ற வினையில் இந்த இரண்டு பொருளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 'தௌசண்ட்ஸ் டர்ன்ட் அவுட் டு வோட்': ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கத் திரண்டு வந்தார்கள். நோக்கம். 'த க்ரௌட் டர்ன்ட் அவுட் டு பி ஸ்மால்': கூட்டம் குறைவுதான் என்று தெரியவந்தது. இங்கே நோக்கமும் இல்லை, திரள்வதும் இல்லை. இந்த இரண்டாவது 'டர்ன் அவுட்' ஒரு விசித்திரமான வினை. அதற்கு எழுவாய் என்று ஒருவர் தேவையே இல்லை. 'தேர் டர்ன்ட் அவுட் டு பி எ மிஸ்டேக்' என்று வெறும் 'தேர்' வைத்துக்கூடச் சொல்லிவிடலாம். 'தேர் செட் அவுட் டு பி எ மிஸ்டேக்' என்று சொல்லவே முடியாது. 'செட் அவுட்' என்றால் யாரோ ஒருவர் மனத்தில் ஒரு குறியோடு புறப்பட்டிருக்க வேண்டும். வெறும் 'தேர்' எங்கும் புறப்படாது. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே வார்ப்பு: வினை, 'அவுட்', 'டு', இன்னொரு வினை. உள்ளே போனால் ஒன்று மனிதரின் எண்ணத்தைப் பேசுகிறது, மற்றொன்று உண்மை வெளிப்படுவதைப் பேசுகிறது.

'டர்ன் அவுட்'டின் சாயலில் பலர் 'எண்ட் அப் டு பி' என்று எழுதுகிறார்கள். 'எண்ட் அப்' இன்ஃபினிட்டிவை ஏற்காது. 'எண்டட் அப் பீயிங்' என்றுதான் வர வேண்டும். பொருளும் வேறு. 'த ஸ்ட்ரேஞ்சர் டர்ன்ட் அவுட் டு பி எ டீச்சர்' என்றால் அவர் முதலிலிருந்தே ஆசிரியர்தான், நமக்குத்தான் பிறகு தெரிந்தது. 'ஹி எண்டட் அப் பீயிங் எ டீச்சர்' என்றால் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஆசிரியராகிவிட்டார். தெரிந்துகொண்டதற்கும் ஆகிப்போனதற்கும் இடையிலான தூரம் அது.

'கோ ஆன்' பற்றி இலக்கண நூல்களே எழுதியிருக்கின்றன என்பதால் நான் நீட்டப் போவதில்லை. 'ஷி வென்ட் ஆன் டாக்கிங் அபவுட் ஹெர் சைல்ட்ஹுட்' என்றால் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். 'ஷி வென்ட் ஆன் டு டாக் அபவுட்' என்றால் வேறு எதையோ பேசி முடித்து, அடுத்து அதற்கு வந்தாள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 'ஹி வென்ட் ஆன் டு சே' என்பதற்கு நம் செய்தித்தாள்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட 'அவர் மேலும் கூறியதாவது' என்பதைவிடக் கச்சிதமான தமிழாக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'தொடர்ந்து கூறினார்' என்று எழுதினால் அது 'வென்ட் ஆன் சேயிங்' பக்கம் சாய்ந்துவிடும்.

'செட் அவுட் டு ரிப்பேர்' என்பதையும் 'செட் அபவுட் ரிப்பேரிங்' என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் பழுதுபார்ப்பது குறிக்கோள்; முடிந்ததா, தொடங்கியதாவது உண்டா என்று வாக்கியம் உறுதி தரவில்லை. இரண்டாவதில் ஆள் கருவிகளை எடுத்து வேலையில் இறங்கிவிட்டார். 'அபவுட்' இங்கே பிரெபொசிஷன், ஆகவே 'இங்'. 'கிவ் அப்', 'புட் ஆஃப்' இரண்டும் செயலையே ஒரு பொருளாகக் கையில் எடுத்துக்கொள்கின்றன; முதலாவது அதைக் கைவிடுகிறது, இரண்டாவது தள்ளிப்போடுகிறது. 'கிவ் இட் அப்', 'புட் இட் ஆஃப்' என்று சொல்ல முடிகிறதல்லவா, அதனால் அங்கேயும் 'இங்'. 'ஹி கேவ் அப் ஹிஸ் ஜாப் டு ட்ராவல்' என்று வந்தால் குழம்ப வேண்டாம். கைவிட்டது வேலையை, பயணம் அதன் நோக்கம். தொடர்ந்து செய்வதைச் சொல்லும் 'கீப் ஆன்', 'கேரி ஆன்' இரண்டுக்கும் பின்னால் 'இங்'தான் வரும், ஆனால் அவற்றை இந்த நியாயத்தில் அடக்க முடியாது. அவற்றை மனத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இப்படி மனத்தில் வைக்க வேண்டியவற்றுக்குப் பட்டியலை நான் பரிந்துரைப்பதில்லை. மாணவர்களுக்கான நல்ல அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1980களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் தலைமையில் நடந்த கோபில்ட் திட்டம், அச்சிலும் பேச்சிலும் உண்மையாக வழங்கிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி அகராதி செய்தது. முதல் பதிப்பு 1987இல் வந்தது. அதன் விளக்கங்கள் முழு வாக்கியங்களாக இருந்தன. வினைக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா, நடுவில் ஆள் வருவாரா என்பது விளக்கத்தைப் படிக்கும்போதே கண்ணில் படும். அந்த முறையை நான் இன்றும் வியக்கிறேன். பொருளையும் அமைப்பையும் பிரித்து வைக்க முடியாது என்பதை அது பக்கத்துக்குப் பக்கம் செய்து காட்டியது.

நடுவில் ஆள் வரும் அமைப்புக்கு 'கவுண்ட் ஆன்', 'ரிலை ஆன்', 'கால் ஆன்' மூன்றும் நல்ல உதாரணங்கள். 'ஐ ஆம் கவுண்டிங் ஆன் ஹெர் டு கம்.' நம்புகிறவன் நான், வர வேண்டியவள் அவள். 'அவளை வர நம்பியிருக்கிறேன்' என்று அச்சுப்பிசகாமல் தமிழாக்கினால் தமிழ் நொண்டும்; 'அவள் வருவாள் என்று நம்பியிருக்கிறேன்' என்று முழு வாக்கியமாகப் பிரித்துவிட வேண்டும். 'கால் ஆன்' என்றால் 'விலகும்படி', 'விலகுமாறு' என்று இரு நல்ல வடிவங்கள் கைவசம் இருக்கின்றன. செயப்பாட்டு வினையில் வருபவற்றுக்கும் தனி வழி தேவைப்படும். 'ஹி இஸ் நாட் அஸ் ஸ்ட்ரிக்ட் அஸ் ஹி இஸ் மேட் அவுட் டு பி' என்ற வாக்கியத்தை 'சொல்கிற அளவுக்கு அவர் ஒன்றும் கண்டிப்பானவர் அல்ல' என்று எழுதினால் முடிந்தது. இன்ஃபினிட்டிவ் தமிழில் அடையாளமே இல்லாமல் கரைந்துவிடுகிறது, பொருள் ஒன்றும் குறையவில்லை.

கடைசியாக ஒன்று: 'செட்டில் டவுன் டு ரைட்' என்பதா, 'செட்டில் டவுன் டு ரைட்டிங்' என்பதா? இரண்டையும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். 'செட்டில் டவுன் டு இட்' என்றும் சொல்ல முடிவதால் 'இங்' வரலாம். எழுதுவதற்காக வசதியாக உட்கார்வது நோக்கம் என்பதால் இன்ஃபினிட்டிவும் வரலாம். நான் ஒரு கடிதம் எழுதுவதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் முதலாவதையே எழுதுவேன். பல வாரம் நாள் கடத்திய ஒரு நூலில் மனம் ஒன்றி இறங்கினால் 'ரைட்டிங்' என்று எழுதுவேன். மாணவர்கள் இரண்டில் எதை எழுதிக் கொண்டுவந்தாலும் நான் திருத்துவதில்லை. ஏன் அதை எழுதினீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.